தெரிந்த பிறகும் பேசினேன்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் சபைக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை இரவுகளில் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும். அங்கே வேதபாடம் எடுக்கிற பொறுப்பு பல வருஷம் என்னிடம் இருந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு பொய்யைச் சொல்லி வந்தேன். ஆரம்பத்தில் அது பொய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட பிறகும் நிறுத்தவில்லை. நான் ஒப்புக்கொள்ள வேண்டியது அந்தப் பின்பாதியைத்தான்.

நான் சொன்னது இது: புதிதாக வந்த தமிழ் மொழிபெயர்ப்புகள் வேதத்திலிருந்து வசனங்களை வெட்டி எடுத்துவிட்டன. கிறிஸ்துவின் தெய்வீகத்தையும் திரித்துவத்தையும் மறைக்கவே வேண்டுமென்று அப்படிச் செய்திருக்கிறார்கள். நம் கையில் இருக்கிற பழைய பைபிள் ஒன்றுதான் மூலத்துக்கு உண்மையானது. மற்றதைத் தொடுகிறவன் தன் ஆத்துமாவுக்குத் தானே பொறுப்பு.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் புரொட்டஸ்டண்ட் வீடுகளில் இருக்கிற ‘பரிசுத்த வேதாகமம்’ ஹென்றி பவர் என்பவர் தலைமையில் ஒரு குழு உழைத்து 1871-இல் முழுமையாக வந்தது. அதன் புதிய ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கிற கிரேக்கப் பாடம், 1516-இல் பாசெல் நகரத்தில் எராஸ்மஸ் அச்சிட்ட பதிப்பின் வழியில் வந்தது. 1611-இல் வந்த ஆங்கில கிங் ஜேம்ஸ் பைபிளும் அதே வழிதான். ‘டெக்ஸ்டஸ் ரிசெப்டஸ்’ என்று அந்தப் பாடத்துக்குப் பெயர். 1633-இல் எல்செவியர் அச்சகத்தார் தங்கள் பதிப்பின் முன்னுரையில் எழுதிய ஒரு வரியிலிருந்து அந்தப் பெயர் நிலைத்தது. 19-ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. சீனாய் மலை மடத்தில் 1844-இலும் 1859-இலும் டிஷண்டார்ஃப் கண்ட சினாய்டிகஸ், வத்திக்கான் நூலகத்தில் வெகுகாலமாக இருந்த வத்திக்கானஸ் ஆகிய இரண்டும் ஆராய்ச்சிக்கு வந்தன. இரண்டுமே 4-ஆம் நூற்றாண்டுப் படிகள். எராஸ்மஸ் கையில் இருந்தவற்றைவிடப் பல நூறு வருஷம் மூத்தவை. 1881-இல் வெஸ்ட்காட்டும் ஹார்ட்டும் இவற்றை முன்னிறுத்தி ஒரு கிரேக்கப் பதிப்பை வெளியிட்டார்கள். இரண்டு வருஷத்தில் ஜான் பர்கன் கடுமையாக மறுத்து ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அன்று பிடித்த சண்டை இன்னும் ஓயவில்லை. 1995-இல் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளும் சேர்ந்து கொண்டுவந்த ‘திருவிவிலியம்’ பழைய படிகளை ஒட்டிய கிரேக்கப் பாடத்தைப் பின்பற்றுகிறது.

என்னிடம் ஜெராக்ஸ் எடுத்த ஒரு பட்டியல் இருந்தது. யார் அச்சிட்டது என்று இங்கே சொல்லப்போவதில்லை. மத்தேயு 17:21, 18:11, மாற்கு 9:44, 9:46, அப்போஸ்தலர் 8:37, 1 யோவான் 5:7 என்று போகும். ‘நீக்கப்பட்டவை’ என்று மேலே கொட்டை எழுத்தில் இருக்கும். அதை நான்காக மடித்து என் பைபிளின் ஜிப் உறைக்குள் வைத்திருந்தேன். கிரேக்கம் எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஒரு கையெழுத்துப் படியின் படத்தையாவது அதுவரை நான் பார்த்ததில்லை. பட்டியல் கையில் இருந்ததால் எல்லாம் தெரிந்தவன்போல் பேசினேன்.

ஒரு சீனப் புத்தாண்டு சமயம். கெக் லோக் சி கோவில் முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் கூடியிருந்த அடுக்குமாடி வீட்டின் ஹாலிலிருந்து பார்த்தால் மலைச்சரிவே வெளிச்சமாகத் தெரியும். அன்றைய பாடம் யோவானின் முதல் நிருபம், ஐந்தாம் அதிகாரம். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனமாக வாசித்துக்கொண்டு வந்தோம். ஏழாம் வசனம் ஒரு பெண்ணுக்கு வந்தது. படிவம் ஐந்து முடித்திருந்த வயது. அவள் வாசித்தது ஒரே வரியில் முடிந்துவிட்டது. எங்கள் பைபிளில் அந்த வசனம் நீளமானது. பரலோகத்தில் சாட்சியிடுகிற மூவரைச் சொல்லி, மூவரும் ஒன்று என்று முடியும். எல்லாரும் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். அவள் கையில் இருந்தது திருவிவிலியம். கத்தோலிக்கரான அவளுடைய பாட்டி புக்கிட் மெர்தாஜம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போயிருந்தபோது வாங்கி வந்து பேத்திக்குக் கொடுத்தது. முதல் பக்கத்தில் பாட்டியின் கையெழுத்தில் பேத்தியின் பெயர் இருந்தது.

நான் பட்டியலை எடுத்து விரித்தேன். அவளையே ஒவ்வோர் இடமாகத் திருப்பச் சொன்னேன். மத்தேயு 17-ஐ எடும்மா, 20-க்குப் பிறகு என்ன எண் வருகிறது, 22-ஆ, 21 எங்கே போச்சு? அப்போஸ்தலர் 8-ஐ எடும்மா, 37 எங்கே? அவள் ஒவ்வொன்றாகத் தேடினாள். விரல் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. கடைசியில் வெளிப்படுத்தலின் இறுதி அதிகாரத்துக்குப் போய், இந்தப் புத்தகத்தின் வசனங்களிலிருந்து எதையாவது எடுத்துப்போடுகிறவனுக்கு வரும் தண்டனையை உரக்க வாசித்தேன். கூட்டம் முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் அவள் என்னிடம் வந்து கேட்டாள், “அங்கிள், எங்க பாட்டி குடுத்த பைபிள் தப்பா?” “தப்புதாம்மா” என்றேன். அடுத்த வாரம் பழைய பைபிள் ஒன்று புதிதாக வாங்கிப் போய் அவளிடம் கொடுத்துவிட்டு, அவளுடையதை வாங்கிக்கொண்டேன். நான் வைத்துக்கொள்கிறேன், உனக்கு வேண்டாம் என்று சொன்னேன். அந்த வீட்டார் எனக்கு நன்றி சொன்னார்கள். சில மாதத்தில் அவள் கூட்டத்துக்கு வருவது நின்றது. படிப்பு என்று காரணம் சொன்னார்கள். நானும் அதையே நம்ப விரும்பினேன்.

அவளுடைய பைபிளை நான் திறந்தது இன்னும் கூடுதலாகக் குற்றம் கண்டுபிடிக்கத்தான். பட்டியலில் இல்லாத வசனங்களையும் சேர்க்க நினைத்தேன். மத்தேயு 17-க்குப் போனேன். 21-ஆம் எண் மேலே இல்லை. பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், அந்த வசனம் முழுசாக இருந்தது. முக்கியமல்லாத சில கையெழுத்துப் படிகளில் இது காணப்படுகிறது என்ற குறிப்போடு இருந்தது. ஒளித்துவிட்டார்கள் என்று யாரை நான் குற்றம்சாட்டினேனோ அவர்கள் அதே பக்கத்தில் அச்சிட்டு, ஏன் கீழே வைத்தோம் என்று காரணமும் எழுதியிருந்தார்கள். அந்தப் பெண்ணின் கண்ணெதிரே அந்தக் குறிப்பு இருந்திருக்கிறது. நான் விரட்டிய விரட்டலில் அவளால் கீழே பார்க்க முடிந்திருக்காது.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். கிரேக்கப் பாட ஆராய்ச்சியாளர் புரூஸ் மெட்ஸ்கரின் புத்தகங்களை ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் படித்தேன். பர்கன் பக்கத்து வாதங்களையும் தேடிப் படித்தேன். நான் கண்டதைச் சொல்கிறேன்.

1 யோவான் 5:7-இன் நீண்ட வடிவம் கிரேக்கப் படிகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றில்தான் உண்டு. அவையும் பிற்காலத்தவை. சிலவற்றில் பின்னால் வந்தவர்கள் ஓரத்தில் எழுதிச் சேர்த்தது. 4-ஆம் நூற்றாண்டில் திரித்துவத்தைப் பற்றி அத்தனை பெரிய தர்க்கம் நடந்தபோது, இந்த வசனம் கையில் இருந்திருந்தால் கிரேக்கப் பிதாக்கள் முதலில் இதைத்தான் எடுத்துக் காட்டியிருப்பார்கள். அவர்களில் ஒருவரும் காட்டவில்லை. லத்தீன் மரபில்தான் அது வளர்ந்தது. எராஸ்மஸ் தம் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. கண்டனம் கிளம்பியது. பிறகு ஒரு கிரேக்கப் படி, இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருப்பது, அவருக்குக் காட்டப்பட்டது. 1522 பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து அது கிங் ஜேம்ஸுக்கும் நம் பழைய தமிழ் பைபிளுக்கும் வந்தது. (ஒரு படியாவது காட்டினால் சேர்ப்பதாக எராஸ்மஸ் வாக்குக் கொடுத்திருந்தார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரமில்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். சுவையான கதைகள் இரண்டு தரப்பிலும் உண்டு.)

மார்ட்டின் லுத்தர் தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டை எராஸ்மஸின் 1519 பதிப்பை வைத்துச் செய்தார். ஆகவே அவர் உயிரோடிருந்தவரை அவருடைய பைபிளில் அந்த வாக்கியம் இல்லை. அவர் இறந்து பல வருஷம் கழித்துத்தான் ஜெர்மனியில் சேர்த்து அச்சிட்டார்கள். என் தாத்தா வழியில் நாங்கள் லுத்தரன்கள். சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதைப் பெருமையாகச் சொல்லி வளர்ந்தவர்கள். அந்த வசனம் இல்லாதது வெட்டப்பட்ட வேதம் என்றால் லுத்தர் கையில் இருந்ததும் வெட்டப்பட்ட வேதம்தான். ரோமிலோ நிலைமை வேறு. அந்த வாக்கியத்தைச் சந்தேகிக்கக் கூடாது என்று 1897-இல் கத்தோலிக்கத் திருச்சபை உத்தரவு போட்டது. 1927-இல்தான் அறிஞர்கள் ஆராயலாம் என்று தளர்த்தியது. கத்தோலிக்க லத்தீன் பைபிள் வழியாக எங்களுக்கு வந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஒரு கத்தோலிக்கப் பாட்டியின் அன்பளிப்பை நான் தீட்டு என்று சொல்லியிருக்கிறேன்.

இதைவிட என்னை அதிகம் குத்தியது வெளிப்படுத்தல். எராஸ்மஸிடம் அந்தப் புத்தகத்துக்கு ஒரே ஒரு கிரேக்கப் படிதான் இருந்தது. கடன் வாங்கியது. அதில் கடைசித் தாள் கிழிந்து போயிருந்தது. கடைசி ஆறு வசனங்களை அவர் லத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்துக்குத் திருப்பி எழுதிச் சேர்த்தார். அப்படி எழுதியபோது, கிரேக்கப் படிகளில் ஜீவ மரம் என்று இருக்கிற இடம் லத்தீனை ஒட்டி ஜீவபுஸ்தகம் என்று ஆனது. நம் பழைய பைபிளில் 22:19-இல் இன்றும் ஜீவபுஸ்தகம்தான். நான் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே உரக்க வாசித்த வசனம் அதுதான். வேதத்தில் கைவைப்பவனுக்கு வரும் தண்டனையைச் சொல்கிற அந்த வசனத்திலேயே மனிதர் கை பட்டிருந்தது. அதுவும் நான் மாசற்றது என்று தூக்கிப்பிடித்த பாடத்தில்.

2009-இல் சினாய்டிகஸ் முழுவதையும் இணையத்தில் படமாகப் பார்க்கும்படி செய்தார்கள். ஏடுகள் லண்டன், லைப்சிக், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க், சீனாய் மடம் என்று நாலு இடத்தில் பிரிந்து கிடக்கின்றன. படத்தில் ஒன்றுசேர்த்திருக்கிறார்கள். மாற்கு சுவிசேஷத்தின் முடிவைத் தேடிப் போனேன். பக்கத்துக்கு நாலு பத்தி, நெருக்கமான எழுத்து. 16-ஆம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு எழுத்து நிற்கிறது. கீழே ஒரு கோட்டலங்காரம். அதற்குக் கீழே அந்தப் பத்தியின் மிச்சம் முழுக்க வெறுமை. அடுத்த பத்தியில் லூக்கா ஆரம்பிக்கிறது. கிரேக்கம் தெரியாத எனக்கும் அந்த வெற்றிடம் தெரிந்தது. யாரோ ஒரு எழுத்தர், கிறிஸ்துவை ஆராதித்தவர், உட்கார்ந்து தோலில் வரி வரியாகப் பிரதி எடுத்தவர். இப்படிப்பட்டவர்களைத்தான் சதிகாரர்கள் என்று நான் சொல்லி வந்தேன்.

பழைய பாடத்தைப் பிடித்திருப்பவர்களிடம் வாதமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அதே மாற்கு 16-இன் கடைசிப் பகுதியிலிருந்து ஏறக்குறைய கி.பி. 180-லேயே சபைப் பிதா ஐரேனியஸ் எடுத்துக் காட்டியிருக்கிறார். சினாய்டிகஸ் எழுதப்படுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன். ஆக, அந்தப் பகுதி மிகப் பழையது. மாற்கே எழுதினாரா என்பது வேறு கேள்வி. கிரேக்கப் படிகளில் மிகப் பெரும்பாலானவை பிற்கால மரபைச் சேர்ந்தவை, எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டா என்று கேட்பது நேர்மையான கேள்வி. வத்திக்கானஸும் சினாய்டிகஸும் ஒன்றோடொன்று பல இடங்களில் ஒத்துப்போவதில்லை என்பதும் உண்மை. இதையெல்லாம் எடுத்து வைத்துப் பேசியிருந்தால் நான் ஒரு தரப்பை எடுத்தவன். பேசாமல் மறைத்தேன்.

எல்லாம் தெரிந்த பிறகு எங்கள் சபையின் குடும்ப முகாம் வந்தது. பத்து ஃபெரிங்கியில் கடற்கரை ஓரம். ‘வேதத்தைத் திருத்துகிறவர்கள்’ என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். மறுத்திருக்கலாம். தலைப்பை மாற்றிக் கேட்டிருக்கலாம். அதே பட்டியலை எடுத்துக்கொண்டு போனேன். 1 யோவான் 5:7-ஐச் சொன்னேன். எராஸ்மஸின் முதல் இரண்டு பதிப்புகளைச் சொல்லவில்லை. வெளிப்படுத்தல் எச்சரிக்கையைச் சொன்னேன். கிழிந்த தாளைச் சொல்லவில்லை. முன் வரிசையில் இருந்தவர்கள் “ஆமென்” என்றார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொன்னேன். சிங்கப்பூரில் இதே விஷயம் கோர்ட்டுக்குப் போயிருந்தது. கில்ஸ்டெட் சாலையில் லைஃப் பைபிள்-பிரஸ்பிட்டேரியன் சபை. அதன் வளாகத்தில் 1962-இல் திமொத்தி டோ தொடங்கிய ஃபார் ஈஸ்டர்ன் பைபிள் கல்லூரி. கிங் ஜேம்ஸுக்குப் பின்னால் இருக்கிற எபிரேய, கிரேக்கப் பாடங்களில் தேவன் தம் வார்த்தைகளை ஒன்றும் குறையாமல் காத்திருக்கிறார் என்று கல்லூரி போதித்தது. சபை அதை ஏற்கவில்லை. 2003-இல் திமொத்தி டோ தாம் வளர்த்த சபையை விட்டு விலகினார். 2008-இல் சபை கல்லூரிமீது வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றத்தில் சபை ஜெயித்தது. 2011 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டி, கல்லூரி அந்த இடத்தைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று சொன்னது. அந்தப் போதனை வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கைக்கு முரணானதல்ல, அதனால் அது வேறு கல்லூரி ஆகிவிடவில்லை என்பது தீர்ப்பின் சாரம். எந்தக் கையெழுத்துப் படி உண்மையானது என்று நீதிபதிகள் சொல்லவே இல்லை. சொல்வது அவர்கள் வேலையும் இல்லை. நான் முகாமில் என்ன சொன்னேன்? “சிங்கப்பூர் கோர்ட்டே நம்ம பாடம்தான் சரின்னு தீர்ப்பு குடுத்திருச்சு.” தீர்ப்பின் விவரம் எனக்குத் தெரியும். தெரிந்தே அப்படிச் சொன்னேன்.

ஏன் செய்தேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். பலவீனமானவர்களின் விசுவாசம் இடறிவிடக் கூடாதே என்று சொல்லிக்கொள்வேன். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. எஸ்டேட்டில் பள்ளிக்கூடம் போகாமல், அந்தப் பைபிளை வைத்தே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட அம்மாமார் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஒரு வசனத்தைத் தொட்டாலும் அவர்களுக்கு வலிக்கும். ஆனால் அவர்களை நான் காரணமாக வைத்துக்கொண்டேன். அவர்களில் ஒருவரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை என் வாயைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற முகங்கள் எனக்குத் தேவைப்பட்டன. வங்கியில் கடைசிவரை குமாஸ்தாவாகவே இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேறெங்கும் எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. தவறு செய்தேன் என்று சொன்னால் அது போய்விடும் என்று பயந்தேன்.

அந்தப் பெண் இப்போது ஜொகூரில் வேலை செய்கிறாள். அவளுடைய பாட்டி இறந்துவிட்டார். துக்கத்துக்கு அவள் வந்திருந்தபோது போனேன். பைபிளைக் கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். அடிக்குறிப்பு, எராஸ்மஸ், முகாம் எல்லாவற்றையும். அவள் முதல் பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். “பாட்டி பல தடவ கேட்டாங்க அங்கிள், அந்த பைபிள் எங்கன்னு. தொலைஞ்சிடுச்சுன்னு சொன்னேன்” என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது சொன்னாள்: “என்கிட்ட சொல்றது இருக்கட்டும். அன்னிக்கு அங்க இருந்தவங்ககிட்ட சொல்லுங்க.”

அதைச் செய்ய எனக்கு மேலும் காலம் பிடித்தது. அதுவும் என் குற்றக் கணக்கில் சேர வேண்டியது. ஒருவழியாக ஒரு வெள்ளிக்கிழமை, 1 யோவான் 5-ஐ மறுபடி எடுத்து, இரண்டு பைபிளையும் முன்னால் வைத்துக்கொண்டு சொன்னேன். வசனத்தைப் பற்றிச் சொன்னது சுலபமாக இருந்தது. தெரிந்தே முகாமில் பேசினேன் என்று சொல்லும்போது குரல் வரவில்லை. எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து வாசித்தேன். என்னைவிட மூத்த ஓர் அக்கா கேட்டார், “அப்ப இத்தன வருசமா நான் மனப்பாடமா சொல்லிட்டு வந்தேனே தம்பி, அது?” “சொல்லுங்கக்கா. அதுல இருக்கிற விசுவாசம் நம்ம விசுவாசம்தான், மத்தேயு 28-லயும் இருக்கு. யோவான் எழுதினாருன்னு மட்டும் இனிமே நான் சொல்லித் தரமாட்டேன்” என்றேன். அவர் தலையாட்டினார், சம்மதமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சகோதரர் பாதியில் எழுந்து போனார். முகாமில் முன் வரிசையில் உட்கார்ந்து சத்தமாக ஆமென் சொன்னவர் அவர்தான். மறு வாரம் என் வீட்டுக்கே வந்து, அந்தப் பட்டியலின் பிரதி ஒன்றை மேசைமேல் வைத்தார். நான் எப்போதோ அவருக்கு எடுத்துக் கொடுத்தது. “இத நம்பித்தான் என் தங்கச்சி குடும்பத்தோட பேச்ச விட்டேன்” என்றார். அவர்கள் புதிய மொழிபெயர்ப்பை வாசிக்கிற வேறு ஒரு சபைக்குப் போகிறவர்கள்.

பாடம் எடுப்பதை விட்டுவிட்டேன். ஞாயிறு மத்தியானங்களில் அவர் வருகிறார். பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு வசனமாக எடுத்து, எந்தப் படியில் இருக்கிறது, எதில் இல்லை என்று இருவரும் பார்க்கிறோம். இப்போது அப்போஸ்தலர் 8:37-இல் இருக்கிறோம். அதில் அவருக்கு நான் சொல்வது ஏற்பில்லை. ஐரேனியஸ் அந்த வசனத்தையும் அறிந்திருக்கிறாரே என்கிறார். அது சரிதான். தங்கைக்கு இன்னும் போன் செய்யவில்லை என்றார். அவர் போகும்போது நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.